‘ஸ்விங் டைம்’ (1936): ஒரு நடன இணையின் காதல் குறித்த கேள்வி பதில்

ஹாலிவுட்டின் நடன இணையான ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் இருவரும் இணைந்து நடித்த படங்கள் மொத்தம் பத்து. அவற்றுள் ஆறாவதாக 1936இல் வெளிவந்த ‘ஸ்விங் டைம்’ படத்தைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூதாட்டப் பித்துக் கொண்ட நடனக்காரன் லக்கி கார்னெட்டுக்கு (அஸ்டேர்) திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அவன் குழுவினர் சூழ்ச்சி செய்து அவனை முகூர்த்த நேரத்துக்குப் போகவிடாமல் தடுத்துவிடுகிறார்கள். 25,000 டாலர் சம்பாதித்து வந்தால் பெண் தருவதாக மணப்பெண்ணின் தந்தை சொல்கிறார். திருமண உடையிலேயே சரக்கு ரயிலில் ஏறி நியூயார்க் சென்ற லக்கி, அங்கே நடனப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் பென்னியை (ராஜர்ஸ்) சந்திக்கிறான். இருவரும் ஆட்ட இணையாகிறார்கள். அதன் பிறகு, 25,000 டாலர் கையில் சேர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் அவனுடைய கவலையாகிவிடுகிறது.

கேள்வி: ஐயா, படம் தொடங்கி ஏறக்குறைய 25 நிமிடங்கள் வரை இருவரும் ஆடுவதே இல்லை. நடனப் படத்தில் இது குறையல்லவா? அதிலும், நன்றாக ஆடத் தெரிந்தவன் ஏன் தெரியாதவனாக நடிக்க வேண்டும்?

குறை என்று நான் கருதவில்லை. அந்தக் காத்திருப்பின் பலன் முழுவதும் முதல் ஆட்டத்தில் கிடைத்துவிடுகிறது. தெருவில் ஒரு நாணயத்தால் எழுந்த சச்சரவில் பென்னிக்கு லக்கியின் மீது கடுங்கோபம். மன்னிப்புக் கேட்பதற்காக அவளைப் பின்தொடர்ந்து நடனப் பள்ளிக்குள் நுழையும் அவன், அவள் அருகில் இருப்பதற்கு வேறு வழி தெரியாமல் மாணவனாகச் சேர்கிறான். ‘விழுந்தால் எழுந்து நில்’ என்று பொருள்படும் பாடலைப் பாடி அவள் கற்றுக்கொடுக்க முயல்கிறாள். அவனோ காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் வழுக்கி விழுகிறான். பணத்தை வீணாக்காதீர்கள், உங்களுக்கு ஆட்டம் வரவே வராது என்று அவள் சலிப்புடன் சொல்லிவிட, அதைக் கேட்ட பள்ளி உரிமையாளர் அந்த இடத்திலேயே அவளை வேலையிலிருந்து நீக்குகிறார்.

அப்போது லக்கி, இந்த ஆசிரியை எனக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று சொல்லி, அவளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று ஆடத் தொடங்குகிறான். பென்னியின் முகத்தைக் கவனியுங்கள். திகைப்பு, சந்தேகம், புரிதல், பிறகு தடையில்லாத மகிழ்ச்சி என்று அவள் மனம் மாறுவதைச் சில நொடிகளில், ஆடிக்கொண்டே ராஜர்ஸ் காட்டிவிடுகிறார். ஆடுதளத்தைச் சுற்றியுள்ள தாழ்வான வேலியைத் தாண்டி இருவரும் வெளியேறும்போது, கோபம் தீர்ந்து, வேலைக்கு வந்த ஆபத்து நீங்கி, ஒரு நடன இணையும் பிறந்துவிடுகிறது. கதையை நிறுத்திவிட்டு ஆடுகிற ஆட்டம் அல்ல இது. கதை நகர்வதே இந்த ஆட்டத்தால்தான். அவன் முன்பு விழுந்து விழுந்து நடித்திராவிட்டால் இந்த மாற்றத்துக்கு இடமே இருந்திருக்காது.

கேள்வி: ஆட்டக் காட்சிகளில் முகத்தையோ பாதத்தையோ அருகில் காட்டுவதே இல்லை. கேமராவும் அதிகம் அசைவதில்லை. அந்தக் காலத்துத் தொழில்நுட்பக் குறைபாடுதான் இதற்குக் காரணமா?

இல்லை. அது அஸ்டேர் வலிந்து கேட்டுப் பெற்ற உரிமை. அதே ஆண்டுகளில் வார்னர் பட நிறுவனத்தில் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி, கேமராவை உச்சியில் நிறுத்தி, நூற்றுக்கணக்கான பெண்களின் கைகால்களைக் கோலம்போல் மலர்ந்து குவியும் வடிவங்களாகக் காட்டிக்கொண்டிருந்தார். ஆகவே அருகில் காட்டவும் உயரத்திலிருந்து காட்டவும் நுட்பம் இல்லாமலில்லை. அஸ்டேரின் கொள்கை வேறு. ஆடுபவர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எப்போதும் தெரிய வேண்டும். காட்சியை இயன்றவரை வெட்டாமல் நீளமாக எடுக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே பார்வையாளர்களின் வியந்த முகங்களைச் செருகக் கூடாது. ஒன்று கேமரா ஆடட்டும், இல்லையேல் நான் ஆடுகிறேன் என்ற பொருளில் அவர் சொல்லியிருக்கிறார்.

கேமரா அசையவில்லை என்று தோன்றுவதும் நம் கண்ணின் மயக்கமே. தாழ்வான சக்கர வண்டியில் ஏற்றப்பட்ட கேமரா, ஆடும் இணையோடு சேர்ந்தே இடமும் வலமும் நகர்கிறது. அவர்கள் எப்போதும் சட்டகத்தின் நடுவிலேயே இருப்பதால் அந்த நகர்வு நமக்குத் தெரிவதில்லை. இப்படி எடுப்பதில் ஆபத்தும் உண்டு. மூன்றாவது நிமிடத்தில் ஓர் அடி தவறினால் முதல் அடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அதனால்தான் படப்பிடிப்புக்குப் பல வாரங்களுக்கு முன்பே அஸ்டேரும் நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பானும் பியானோ கலைஞர் ஹால் போர்னும் ஒத்திகை அறைக்குள் புகுந்துவிடுவார்கள். அடவுகள் உருவாகும் கட்டத்தில் ராஜர்ஸின் இடத்தில் நின்று ஆடியவர் பான்தான். பிறகு அவற்றை ராஜர்ஸுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

கேள்வி: காலடித் தட்டொலி அத்தனை துல்லியமாகக் கேட்கிறதே, அது ஆடும்போதே பதிவு செய்ததா?

பெரும்பாலும் இல்லை. இசை முன்பே பதிவு செய்யப்பட்டு, படப்பிடிப்பில் ஒலிபரப்பப்படும். தட்டொலியைப் பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே தனியாக ஆடிப் பதிவு செய்வார்கள். பல படங்களில் ராஜர்ஸுக்காகத் தட்டொலி கொடுத்தவரும் பான்தான்.

கேள்வி: பாடல்களைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா. தலையில் சோப்பு நுரையோடு கதாநாயகி நிற்கும் காட்சியில் வரும் பாடல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இசை ஜெரோம் கெர்ன். பாடல் வரிகள் டாரதி ஃபீல்ட்ஸ். நீங்கள் குறிப்பிடும் ‘தி வே யூ லுக் டுநைட்’ அவ்வாண்டின் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஃபீல்ட்ஸ் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றிரவு நீ இருக்கும் இந்தக் கோலத்தை, பிற்காலத்தில் உலகம் குளிர்ந்துபோகும் வேளையில் நினைத்து மகிழ்வேன் என்பது பாடலின் கருத்து. லக்கி பியானோவின் முன் அமர்ந்து, யாரையும் பார்க்காமல் பாடுகிறான். அடுத்த அறையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த பென்னி, பாட்டில் மயங்கி நுரையோடு வெளியே வந்து அவன் தோளில் கை வைக்கிறாள். அவன் திரும்பிப் பார்த்த பிறகுதான், கண்ணாடியில் தன் கோலத்தைக் கண்டு நாணி ஓடுகிறாள். அழகை வருணிக்கும் பாட்டுக்கு இப்படி ஒரு கோலத்தைப் பொருத்தியதால்தான் பாட்டு மெய்யாகிறது. அலங்கரித்த கோலத்தில் அவள் வந்து நின்றிருந்தால் அது வெறும் புகழ்ச்சியாக முடிந்திருக்கும்.

பனி பொழியும் காட்டில் வரும் ‘எ ஃபைன் ரொமான்ஸ்’ இதற்கு நேர் எதிரானது. முத்தமில்லாத காதலும் ஒரு காதலா என்று பென்னி குத்திக் காட்டும் பாட்டு அது. ஊரில் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்த லக்கியால் நெருங்கி வரவும் முடியவில்லை, விலகிப் போகவும் மனமில்லை. அவனுடைய இக்கட்டைப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிக்கூட இத்தனை தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

கேள்வி: காதல் படம் என்கிறார்கள், முத்தமே இல்லையே? நிஜ வாழ்க்கையில் இருவருக்கும் காதல் இருந்ததா?

இப்படத்தில் ஒரு முத்தம் உண்டு, ஆனால் கதவு மறைத்துக்கொள்கிறது. கதவு விலகும்போது லக்கியின் உதட்டில் சாயம் ஒட்டியிருப்பதை மட்டுமே பார்க்கிறோம். இந்த இணை திரையில் வெளிப்படையாக முத்தமிட்டுக்கொண்டது 1938இல் வந்த ‘கேர்ஃப்ரீ’ படத்தில்தான். ஆடும்போது ஒருவர் மற்றவரின் மூச்சைக்கூட அறிந்து அசையும் இவர்களுக்கு முத்தம் தேவைப்படவில்லை என்பது என் எண்ணம்.

நிஜ வாழ்க்கையைப் பொறுத்தவரை, அஸ்டேர் 1933இல் ஃபிலிஸ் பாட்டரையும் ராஜர்ஸ் 1934இல் நடிகர் லூ ஏர்ஸையும் மணந்தவர்கள். சிறு வயது முதல் தமக்கை அடீலுடன் இணைந்து ஆடிய அஸ்டேர், 1932இல் அவர் திருமணம் செய்துகொண்டு மேடையை விட்டு விலகிய பிறகு, இன்னொரு நிலையான இணைக்குள் கட்டுண்டுவிடத் தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பகை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: அஸ்டேர் செய்த அனைத்தையும் ராஜர்ஸ் பின்னோக்கியும் உயர்ந்த குதிகாலணியோடும் செய்தார் என்ற புகழ்பெற்ற வாசகம் ராஜர்ஸே சொன்னதா?

இல்லை. அது பாப் தேவ்ஸ் வரைந்த ‘ஃபிராங்க் அண்ட் எர்னஸ்ட்’ என்ற கேலிச்சித்திரத் தொடரில் 1982இல் வந்த வாசகம். அதன் நோக்கம் நல்லது, ஆனால் அது ராஜர்ஸின் பெருமையை உடல் சாகசமாகச் சுருக்கிவிடுகிறது. நடனப் பயிற்சியில் அஸ்டேருக்கு நிகரானவர் அல்லர் அவர். டெக்சாஸில் சார்ல்ஸ்டன் ஆட்டப் போட்டியில் வென்று மேடைக்கு வந்தவர். அவரைவிட நுட்பமாக ஆடத் தெரிந்த பெண்களுடன் அஸ்டேர் பின்னாளில் ஆடியிருக்கிறார். ஆயினும், ஆட்டம் தொடங்கியதும் நடிப்பை நிறுத்திவிடாதவர் ராஜர்ஸ். தனக்கு நேர்வது இப்போதுதான் முதன்முறையாக நேர்கிறது என்ற உணர்வை ஒவ்வோர் அடியிலும் அவர் தக்கவைத்துக்கொள்கிறார்.

கேள்வி: அஸ்டேர் முகத்தில் கருமை பூசிக்கொண்டு ஆடும் காட்சியை எப்படிப் பார்ப்பது? என் மகளுடன் பார்த்தபோது என்னால் அவளுக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை.

மறைக்காமல் சொல்லுங்கள். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாக்கிய மேடை வழக்கத்தின் தொடர்ச்சி அது. அதில் உள்ள இழிவை எந்தக் கலைநயமும் துடைத்துவிடாது. ‘போஜாங்கிள்ஸ்’ என்று அழைக்கப்பட்ட கறுப்பின நடன மேதை பில் ராபின்சனுக்குச் செலுத்தும் மரியாதையாகவே அந்த ஆட்டம் அமைக்கப்பட்டது. அஸ்டேர் திரையில் கருமை பூசி ஆடியதும் இந்த ஒருமுறைதான். ஆயினும், மரியாதை செலுத்துவதற்குக்கூட அந்த வழக்கத்தைத்தான் கையில் எடுக்க முடிந்தது என்பது, அன்றைய ஹாலிவுட்டில் ராபின்சன் போன்றவர்களுக்கு எவ்வளவு குறைந்த இடம் இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஷெர்லி டெம்பிள் என்ற சிறுமியுடன் படிக்கட்டில் ஆடும் வேலைக்காரராக அவர் நடித்த காலம் அது. ஒரு காதல் நாயகனாக அவரை அப்போது எந்தப் பெரிய நிறுவனமும் நிறுத்தவில்லை.

நுட்ப அளவில், அஸ்டேருக்குப் பின்னால் மூன்று பேருருவ நிழல்கள் ஆடுவது, அவர் நிழலைத் தனியே படம்பிடித்து மும்மடங்காக்கி, பிறகு அவர் ஆட்டத்தோடு இணைத்த தந்திரம். இதை மகளுக்குச் சொல்லலாம். ஆனால் முதலில் மற்றதைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பிற்பகுதியில் கதை தடுமாறுகிறதே?

உண்மை. கால்சட்டையைப் பறித்துத் திருமணத்தைத் தடுக்கும் நகைச்சுவை இருமுறை வருகிறது. இரண்டாம் முறை சலிப்பூட்டுகிறது.

கேள்வி: ‘நெவர் கோனா டான்ஸ்’ ஆட்டத்தை 47 முறை எடுத்தார்கள் என்பது உண்மையா? அந்த ஆட்டத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லுங்கள் ஐயா.

உண்மைதான். அந்த ஆட்டத்தின் இறுதிப் பகுதியை ஒரே நாளில் 47 முறை எடுத்தார்கள். முடியும்போது ராஜர்ஸின் பாதங்களில் இரத்தம் கசிந்திருந்தது.

அதைப் பார்ப்பதற்கு முன் நிலைமையை நினைவில் கொள்ளுங்கள். லக்கிக்கு வேறொரு பெண்ணுடன் நிச்சயமானது பென்னிக்குத் தெரிந்துவிட்டது. இசைக்குழுத் தலைவன் ரிக்கார்டோவை மணக்க அவள் சம்மதித்துவிட்டாள். எல்லோரும் போய்விட்ட இரவு விடுதி. வளைந்த படிக்கட்டுகள், பளபளக்கும் கருந்தரை. இனி நான் ஆடவே மாட்டேன் என்று லக்கி பாடுகிறான். ஆட்டத்தையே வாழ்வாகக் கொண்டவன் அப்படிச் சொல்வது, உன்னையன்றி வேறொருத்தியோடு வாழ மாட்டேன் என்பதன் மறுவடிவம்.

பிறகு இருவரும் ஆடவில்லை, வெறுமனே நடக்கிறார்கள். தலை கவிழ்ந்த, தளர்ந்த நடை. அந்த நடை எந்த அடியில் ஆட்டமாக மாறுகிறது என்று கண்டுபிடிக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு இடமாகவே தோன்றுகிறது. அதற்குள் பின்னணியில் ‘தி வே யூ லுக் டுநைட்’ மெட்டு ஒலிக்கும். அதையடுத்து, இருவரும் புகழின் உச்சியில் ஆடிய வால்ட்ஸ் இசை வரும். நடனப் பள்ளியில் தொடங்கி இதுவரை அவர்கள் சேர்ந்து கடந்தவை அனைத்தும் இசையாகவும் அடவாகவும் திரும்ப வருகின்றன. காதலர்கள் பிரியும்போது பழையவற்றைப் பேசிப் பார்ப்பதுண்டு அல்லவா, அதை இவர்கள் கால்களால் செய்கிறார்கள்.

அடுத்து, அவன் ஒரு படிக்கட்டிலும் அவள் எதிரிலுள்ள படிக்கட்டிலுமாகப் பிரிந்து ஏறி, மேல்தளத்தில் சந்திக்கிறார்கள். 47 முறை எடுக்கப்பட்ட பகுதி இங்கேதான் வருகிறது: இசை வேகமெடுக்க, அவள் விடாமல் சுழல்கிறாள்; நிறுத்தினால் பிரிந்தாக வேண்டும் என்பதுபோல் அந்தச் சுழற்சி நீள்கிறது. இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இங்கே எந்த முகத்தையும் அருகில் காட்டவில்லை. சுழற்சியின் வேகத்திலேயே அவள் வெளியேறிவிட, ஆட்டத்தின் தொடக்கத்தில் நின்ற அதே தளர்ந்த நிலையில் அவன் மட்டும் நிற்கிறான். முதல்முறை பார்ப்பவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அவனுடைய கைகளைக் கவனியுங்கள்.