பச்சையாகவே சாயும் தக்காளி

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தக்காளிச் செடிகள் இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே இரண்டொரு நாளில் வாடிச் சாய்கின்றன. மண்ணில் உள்ள பாக்டீரியாதான் காரணம் என்கிறார்கள். முன்பிருந்தே மண்ணில் இருக்கும் கிருமி, செடி வளரும் வரை சும்மா இருந்துவிட்டுத் திடீரெனத் தாக்குவது ஏன்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முதலில் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுனை மட்டும் நனையுமாறு தெளிந்த நீரில் பிடித்தால், சில நிமிடங்களில் பால் நிற இழைகள் நீருக்குள் இறங்கும். அவ்வாறு இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய்; பூஞ்சை வாடலில் இவ்விழைகள் வருவதில்லை. 1896ஆம் ஆண்டு அமெரிக்காவின் எர்வின் ஸ்மித் விவரித்த இக்கிருமியின் இன்றைய பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம்.

இக்கிருமி சும்மா இருப்பதில்லை. தன் கூட்டம் பெருகும் வரை வேறு வேலைகளைச் செய்கிறது. எண்ணிக்கை குறைவாக உள்ளபோது நீந்தி வேரை அடைவதும், பக்கவேர் வெடிக்கும் இடத்திலோ களைக்கொத்து பட்ட காயத்திலோ நுழைவதும்தான் அதன் கவனம். ஒவ்வொரு செல்லும் ஒரு கொழுப்பு அமில எஸ்டரைச் சிறிதளவு வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. 1997இல் அடையாளம் காணப்பட்ட இப்பொருள், செடிக்குள் நீரை மேலேற்றும் குறுகலான நீர்க்குழாய்க்குள் கூட்டம் நெருங்கும்போது செறிந்துவிடுகிறது. அச்செறிவை உணர்ந்ததும் பி.எச்.சி.ஏ. என்னும் கட்டுப்பாட்டுப் புரதம் செயல்பட, கிருமிகள் நீச்சலைக் குறைத்துக்கொண்டு, கோழை போன்ற சர்க்கரைப் பொருளை ஏராளமாகச் சுரக்கின்றன. குழாய் அடைபட்டு நீரேற்றம் நின்றுவிடுவதால்தான் இலை மஞ்சளாக நேரமின்றிப் பச்சையாகவே தொய்கிறது.

தொடக்கத்திலேயே ஏன் சுரப்பதில்லை? செலவு அதிகம் என்பதுதான் காரணம். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க ஆர்தர் கெல்மன் 1954இல் உருவாக்கிய, சாயம் கலந்த ஊடகத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம்: வீரியமுள்ள கிருமி நடுவில் இளஞ்சிவப்பு கொண்ட வெண்மையான, வழுவழுப்பான திட்டாகவும், வீரியம் இழந்தது கோழையற்ற சிறிய அடர்சிவப்புப் புள்ளியாகவும் வளரும். பின்னதில் பெரும்பாலும் பழுதாகியிருப்பது அந்தப் பி.எச்.சி.ஏ. மரபணுதான். கோழைச் செலவு மிச்சமாவதால் அது வேகமாகப் பெருகும். ஆனால் செடியைக் கொல்ல அதனால் இயலாது.

எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செடியின் எதிர்ப்பை முடக்கும் புரதங்களை ஊசிபோல் செலுத்தும் அமைப்பு, செடிச் செல்லின் சுவரைத் தொட்ட உணர்வாலேயே முடுக்கப்படுகிறது.

ஆகவே வாட்டம் கண்ணில் படும் நாளில் கிருமி ஏற்கெனவே கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அதன்பின் மருந்து ஊற்றுவதால் அச்செடி பிழைக்காது. அதை வேர்மண்ணோடு அகற்றி அழியுங்கள். அந்தப் பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்குப் பாயாமல் தடுங்கள். அதே நிலத்தில் கத்தரி, மிளகாய் போட வேண்டாம்; அவற்றையும் இது தாக்கும். சில போகங்களுக்கு நெல்லோ சோளமோ பயிரிடுவது நல்லது. கத்தரியே வேண்டுமென்றால், சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்று இந்நோயைப் பெருமளவு தாங்கும்.