வால்வு பாதித்த பிள்ளைகள்: வாசகர் கேள்வி-பதில்

காட்பாடி வாசகி: எட்டு வயதுப் பையனுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் வலி. ஏஎஸ்ஓ (தொண்டைக் கிருமி வந்துபோனதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 400. பெனிசிலின் ஊசி ஆரம்பிக்கலாமா?

இதை மட்டும் வைத்து வேண்டாம். ஏஎஸ்ஓ ஏறியிருப்பது கிருமி வந்துபோன தடம், அவ்வளவுதான். அந்தக் கிருமிக்குப் பிறகு வந்து மூட்டையும் இதய வால்வையும் தாக்குவது ருமாட்டிக் காய்ச்சல்; அது திரும்ப வராமல் தடுக்கத்தான் பெனிசிலின் ஊசி. அந்தக் காய்ச்சலில் முட்டி, கணுக்கால் மாதிரி பெரிய மூட்டு வீங்கும், தொட்டாலே அலறுவான், ஒன்று அடங்கி இன்னொன்று பிடிக்கும்.

ஆரணி வாசகர்: ஊசி போட்டுவரும் பெண்ணுக்குப் பல் பிடுங்க வேண்டும். அதே ஊசி போதாதா?

போதாது. பல் பிடுங்கும்போது ரத்தத்தில் ஏறும் கிருமி வால்வில் ஒட்டுவதை அந்த அளவு மருந்து தடுக்காது. தனி ஆன்டிபயாடிக் வேண்டுமா, எது என்று இதய டாக்டரிடம் எழுதி வாங்கிப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு காய்ச்சல் விடாமல் அடித்தால், மாத்திரை கொடுக்கும் முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுங்கள்.

குடியாத்தம் வாசகர்: மகளுக்கு 11 வயது, மைட்ரல் (இதயத்தின் இடப்பக்க) வால்வில் கசிவு. மாதாமாதம் ஊசி போட்டோம். சிரசுத் திருவிழா சமயத்தில் விட்டுப்போச்சு. நன்றாக ஓடியாடுகிறாள். நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. எடை எழுதவில்லை, எக்கோவில் (இதய ஸ்கேனில்) கசிவு எவ்வளவு என்று எழுதவில்லை, நிறுத்தலாமா என்று மட்டும் கேட்கிறீர்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த 'மாதாமாதம்' ஒழிய மாட்டேன் என்கிறது. கணக்கு 21 நாள். நாலாவது வாரத்தில் ரத்தத்தில் பெனிசிலின் இறங்கிவிடும், வகுப்பில் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து கிருமி தொற்ற அந்த வாரமே போதும். வருடத்துக்கு 17 ஊசிக்குப் பதில் 12 போடுகிறீர்கள். காய்ச்சல் திரும்பத் தாக்கினால் வால்வில் புதுத் தழும்பு விழும். கசிவு கூடி, இதயம் வீங்கி, நுரையீரலில் அழுத்தம் ஏறும். ஓடியாடுவதை நம்பாதீர்கள், பிள்ளைகளின் இதயம் கசிவை வெகுகாலம் வெளியில் காட்டாமல் தாங்கும்.

தேதியை விடுங்கள், கிழமையைப் பிடியுங்கள்: இந்தப் புதன் போட்டால் இரண்டு புதன் விட்டு அடுத்த புதன். 27 கிலோவுக்குள் 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம். சாப்பிட்டபின், படுத்தபடி. மருந்து கெட்டி, மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். கலக்கிய கையோடு 21 கேஜ் (சற்றுத் தடித்த) ஊசியில், இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். நடந்தாலே மூச்சு வாங்கும் பிள்ளைக்கு மட்டும் ஊசியா மாத்திரையா என்பதை இதய டாக்டர் முடிவு செய்யட்டும். வால்வு கெட்டவர்களுக்குப் பொதுவாக 40 வயது வரை இது தொடரும்.

வாலாஜா வாசகி: ருமாட்டிக் வால்வு உள்ள பையன் ஒரு வாரமாக ராத்திரி இருமி எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். சளி மருந்து சொல்லுங்கள்.

கடிதம் போடுகிற விஷயமா இது? சளி அல்ல, நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆம்பூர் வாசகர்: உலோக வால்வு வைத்த மகன் வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறான். கீரை கூடாதா?

கொடுக்கலாம், வாராவாரம் ஒரே அளவாக. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 இருக்க வேண்டும். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தம் கசியும். வால்வு மாற்றியாச்சே என்று பெனிசிலினை நிறுத்தியிருந்தால், அடுத்த செக்கப் வரை காத்திராமல் டாக்டரைப் பார்த்துத் திரும்ப ஆரம்பியுங்கள்.