கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி, எலி: நாமே பார்ப்பது எது, ஆள் கூப்பிடுவது எதற்கு? – கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): வாடகை ஃபிளாட் சார். சமையலறை முழுக்கக் குட்டிக் குட்டிக் கரப்பான். தினமும் ஸ்பிரே அடிக்கிறோம். காலையில் நாலைந்து செத்துக் கிடக்கும், ராத்திரி லைட் போட்டால் பழையபடி ஓடுது. பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடணுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஸ்பிரேயை நிறுத்துங்கள். வெளிர் பழுப்பு நிறம், ஒன்றரை சென்டிமீட்டருக்குள் நீளம், கழுத்துப் பகுதியில் நீளவாக்கில் இரண்டு கருங்கோடு என்றால் அது ஜெர்மன் கரப்பான். சாக்கடையிலிருந்து வருவது அல்ல. அட்டைப்பெட்டி, மளிகைப் பை, பழைய ஃபிரிட்ஜ் வழியாக வீட்டுக்குள் வந்து இங்கேயே பெருகுவது. பெண் கரப்பான் 30, 40 முட்டைகள் கொண்ட கூட்டைப் பொரிக்கும் நேரம் வரை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். ஸ்பிரே வெளியே ஓடுவதைத்தான் கொல்லும். இடுக்கில் இருப்பது அந்த நெடிக்கு விலகி ஹாலுக்கும் பக்கத்து ஃபிளாட்டுக்கும் போகும். பல இடங்களில் அந்த மருந்துக்கே பழகியும் விட்டது.

ஜெல்தான் இதற்குச் சரி. இமிடாகுளோபிரிட் 2.15% அல்லது ஃபிப்ரோனில் 0.05% என்று அட்டையில் இருக்கும் சிரிஞ்ச் வகை வாங்குங்கள். ஸ்பிரே அடித்த இடங்களை சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்ட பிறகு, பச்சைப்பயறு அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வையுங்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதை விடப் பல இடங்களில் சிறு பொட்டுகளே வேலை செய்யும். ஒரு சமையலறைக்கு 20 முதல் 30 பொட்டு. கேபினெட் கீல் உட்புறம், டிராயர் சேனலுக்கு அடியில், சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் பக்கம், மிக்ஸி வைக்கும் மேடையின் பின் விளிம்பு. எல்லோரும் விட்டுவிடுவது ஆர்.ஓ. தண்ணீர் மெஷினின் பின்பக்கம். சூடும் ஈரமும் இருட்டும் ஒன்றாகக் கிடைப்பதால் பாதிக் குடும்பம் அங்கேதான் இருக்கும். அதைக் கழற்றாமல் பின்சுவரில் வைத்தால் போதும்.

சாப்பிட்டது உடனே சாகாது. இடுக்குக்குள் போய்ச் சாகும். அதன் கழிவையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். இரண்டு வாரத்தில் நன்றாகக் குறையும். கூட்டில் இருந்த முட்டைகள் பொரித்து மறுபடி சின்னது தலைகாட்டும்போது, மூன்று நான்கு வாரம் கழித்து, இரண்டாம் சுற்று வையுங்கள். பாதியில் கைவிடுகிறவர்கள்தான் "ஜெல் வேலை செய்யல" என்கிறார்கள்.

மறுபடி வேளச்சேரி: ஏற்கெனவே ஒருமுறை ஜெல் வைத்தோம் சார், தொடவே இல்லை.

பதில்: மூன்று காரணம் இருக்கலாம். ஸ்பிரே அடித்த இடத்திலேயே வைத்திருப்பீர்கள். அல்லது இரவில் அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் சிங்க்கில் எச்சில் தட்டும் கிடந்திருக்கும். நல்ல சாப்பாடு இருக்கும்போது மருந்தை ஏன் தின்ன வேண்டும்? மூன்றாவது, அது நடக்காத பாதையில் வைத்திருப்பீர்கள். லைட்டை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய் எந்த இடுக்கிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போல் கழிவு கிடக்கும் இடமும் அதுதான். இவ்வளவும் செய்து இரண்டு சுற்று முடிந்தும் குறையாவிட்டால், குழாய்கள் போகும் டக்ட் வழியாக மற்ற வீடுகளிலிருந்து வருகிறது. அப்போது அசோசியேஷன் மூலம் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் செய்ய ஆள் வேண்டும்.

கேள்வி (மதுரை): பாத்ரூமில் பெரிய சிவப்புக் கரப்பான். அதுக்கும் ஜெல்லா?

பதில்: அது வேறு ஜாதி, சாக்கடையில் வாழ்வது. தரை டிராப்பில் (பாத்ரூம் தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கு அடியில் உள்ள வளைவில்) தண்ணீர் நின்றால் ஏறி வராது. புழங்காத பாத்ரூமில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும், வழி திறந்துகொள்ளும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சாக்கடைச் சேம்பர் மூடியின் இடைவெளியை அடையுங்கள். வாஷ்பேசின் ஹோஸ் தரைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் மாட்டுங்கள். இதற்குமேல் செலவு தேவையில்லை.

கேள்வி (திருச்சி): கதவு நிலையில் மண் கோடு ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். இரண்டே வாரத்தில் இன்னொரு அறையில் ஏறிவிட்டது. நானே மருந்து வாங்கி அடிக்கலாமா?

பதில்: இதற்கு ஆள் கூப்பிடுங்கள். நீங்கள் பார்த்தது கரையான் நடக்கும் குழாய் மட்டுமே. புற்று தரைக்கு அடியில் எங்கோ இருக்கிறது. மண்ணெண்ணெய் பட்டது சாகும், மற்றது வேறு வழி தேடும். இனி மண் கோட்டைக் கண்டால் முழுவதும் துடைக்காதீர்கள். ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மூடியிருந்தால் உயிருள்ள பாதை. வருகிறவருக்கு அதைக் காட்ட வேண்டும்.

அவர் சரியாகச் செய்கிறாரா என்று நீங்களே அளந்துவிடலாம். கட்டிய வீட்டுக்கான முறையை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி சொல்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மி.மீ. துளை, 30 செ.மீ.க்கு ஒன்று, அதிகபட்சம் துளைக்கு ஒரு லிட்டர் மருந்துக் கரைசல், பிறகு சிமென்டால் அடைப்பு. இமிடாகுளோபிரிட் 30.5% என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. ஆக, சுற்றளவு 12 மீட்டர் உள்ள அறைக்கு 40 துளை, 40 லிட்டர் கரைசல், 84 மி.லி. மருந்து. முழு வீட்டையும் ஒரு 50 மி.லி. பாட்டிலில் முடித்துக்கொண்டு கிளம்புகிறவர் உங்களுக்குத் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார். சீல் பிரிக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறந்து கலக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு ஏமாற்று, டைல்ஸை மட்டும் துளைத்து அடியில் இருக்கும் கான்கிரீட்டோடு நிறுத்திவிடுவது. மருந்து மண்ணைத் தொடாது. ஊற்றும்போது உள்ளே வாங்காமல் துளையிலேயே தேங்கி வழிந்தால் பெரும்பாலும் இதுதான். வேலை தொடங்கும் முன் தண்ணீர்க் குழாயும் கன்சீல்டு வயரிங்கும் போகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். வீட்டை ஒட்டிக் கிணறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்தப் பக்கம் மண்ணில் ஊற்றக் கூடாது.

இந்த மருந்து இருப்பது கரையானுக்குத் தெரியாது. அதனால் அதில் நடந்து, மற்றவற்றின் மீதும் பூசிவிடும். முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். மறுநாளே நாலு கரையானைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): முதல் மழைக்கு வீட்டுக்குள் ஈசல் நிறைய வந்தது. கரையான் வந்துவிட்டது என்று அர்த்தமா?

பதில்: ஜன்னல் வழியாக லைட்டுக்கு வந்திருந்தால் பயமில்லை, வெளியில் எங்கோ இருந்த புற்று. சுவர் விரிசல், நிலைச்சட்டம், ஸ்விட்ச் போர்டு இங்கிருந்து கிளம்பியிருந்தால் வீட்டுக்குள்ளேயே கூட்டம் இருக்கிறது. திருச்சிக்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

கேள்வி (காரைக்குடி): மரக்கட்டிலுக்கு அடியில் தினமும் மாவு மாதிரிக் கொட்டுகிறது, மண் எதுவும் இல்லை.

பதில்: உளு. கரையான் அல்ல, வண்டின் புழு. டால்கம் போல மெல்லிய தூளும் ஒன்றிரண்டு மி.மீ. வட்ட ஓட்டையும் அதன் அடையாளம். கொட்டுவது மாவாக இல்லாமல் கசகசா போல மணிமணியாக இருந்தால் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுத் தூள் விழாவிட்டால் பழைய சேதம்தான், செலவு வேண்டாம். விழுந்தால், ஓட்டைகளில் மர மருந்தை ஊசி சிரிஞ்சால் ஏற்றி மெழுகால் அடைக்கலாம். பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. தேக்கின் வைரத்தை (நடுக்கட்டையை) உளு தொடுவது அரிது; ரப்பர் மரம், மாமரம் என்றால் விரும்பித் தின்னும். கட்டைவிரலால் அழுத்தினால் குழியும் சட்டத்தை மாற்றிவிடுங்கள்.

கேள்வி (திருவல்லிக்கேணி): மேன்ஷன் ரூமில் மூட்டைப்பூச்சி, தூக்கமே இல்லை அண்ணா. கடையில் நுவான் வாங்கி அடிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம் தம்பி. அதில் இருப்பது டைகுளோர்வாஸ், 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை. படுக்கையில் அடிப்பது இன்னும் மோசம், இரவெல்லாம் அதைத்தான் சுவாசிப்பீர்கள்.

துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் ரூமிலேயே பாலிதீன் பையில் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தையை மாடியில் சும்மா காயப்போட்டால் நிழல் பக்கமாக நகர்ந்து தப்பிவிடும். கறுப்பு பாலிதீனில் இறுக்கிக் கட்டி உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டுத் திருப்பிவிடுங்கள். தடித்த மெத்தையின் நடுவில் சூடு ஏறாது, அதை நம்ப வேண்டாம். கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளுங்கள். மூட்டு, ஸ்க்ரூ ஓட்டை, பிளைவுட்டின் அடிப்பக்கம் இங்கெல்லாம் கறுப்பு மைப்புள்ளி போல் கறை இருக்கும். அங்கே கொதிநீரோ ஸ்டீமரோ மெதுவாகக் காட்டுங்கள். முட்டை 6 முதல் 10 நாளில் பொரிக்கும். பெரும்பாலான மருந்து முட்டையைக் கொல்லாது. அதனால் 10 முதல் 14 நாளுக்குள் எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்ய வேண்டும்.

உண்மையைச் சொன்னால், மேன்ஷனில் ஒரு ரூமை மட்டும் சுத்தம் செய்து பலனில்லை. சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து ரூமிலிருந்து வரும். மேனேஜரிடம் பேசி, இரண்டு பக்கமும் மேலும் கீழும் உள்ள ரூம்களுக்கும் ஒரே நாளில் ஆள் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரே விசிட்டில் முடித்துத் தருகிறேன் என்பவரை எடுக்க வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூர்): எலித் தொல்லை. ஒரு கம்பெனி ஆள் வந்து, ரூமில் பவுடர் வைக்கிறோம், நீங்கள் வழக்கம்போல் தூங்கலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவைக் கக்கும். துத்தநாக பாஸ்பைடும் ஈரமும் அமிலமும் பட்டால் அதே வாயுதான். ஏ.சி. போட்டு மூடிய அறையில் அது தேங்கும். வாடை வரவில்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் இவை எதற்கும் தேவையில்லை. தலைவலி, வாந்தி, நெஞ்சடைப்பு என்று ஏதாவது தெரிந்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள், மருந்தின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். அதை விழுங்கியவர் முதல் நாள் வாந்திக்குப் பிறகு தேறியது போலத் தெரிவார், மூன்றாம் நாள் கல்லீரல் போகும். மாற்று மருந்து கிடையாது.

எலிக்கு முதல் வைத்தியம் கொத்தனார் வேலை. சுண்டெலிக்கு 6 மி.மீ. ஓட்டை போதும், பெரிய எலிக்கு 12 மி.மீ. ஏ.சி. குழாய் சுவருக்குள் வரும் துளையைத்தான் முதலில் பாருங்கள். வெறும் ஃபோம் அடித்தால் ஒரே ராத்திரியில் கடித்துவிடும். ஸ்டீல் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு 6 மி.மீ. கம்பி வலை. உள்ளே மாட்டிக்கொண்டதைக் கூண்டு வைத்துப் பிடியுங்கள், சுவரை ஒட்டி நீளவாக்கில், வாய் அது ஓடும் பாதையைப் பார்த்தபடி. எலி மருந்து கேக் வைத்தே ஆகவேண்டும் என்றால் புரோமடியோலோன் 0.005%, பூட்டிய பெட்டிக்குள், வீட்டுக்கு வெளியே. எலி சாக நாலைந்து நாள் ஆகும். வீட்டுக்குள் வைத்தால் ஃபால்ஸ் சீலிங்கில் போய்ச் செத்து நாறும். குழந்தையோ நாயோ தின்றால் வைட்டமின் கே1 சிகிச்சை இருக்கிறது, அட்டையை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): கூண்டிலும் விழல, கேக்கும் தின்னல. கீச்கீச்னு கத்திக்கிட்டுச் சுவர் ஓரமா ஓடுது.

பதில்: மூஞ்சூறு. பூச்சி தின்பது, தானிய கேக் அதற்குச் சாப்பாடே இல்லை. கரப்பான் இருப்பதால் வருகிறது. கரப்பானை ஒழித்துக் கதவின் அடி இடைவெளியை அடைத்தால் போய்விடும்.

கேள்வி (கோவை): டிரம்மை மூடித்தான் வைக்கிறோம். ஆனாலும் பகலில் கொசு.

பதில்: பகலில் கடிப்பது ஏடிஸ். அதன் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜ் பின்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், ஏ.சி. தண்ணீர் வாளி, புழங்காத ஃபிளஷ் டேங்க் இவற்றையும் பாருங்கள். இரவுக் கொசு என்றால் செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். கம்பெனிக்குக் காசு கொடுக்க வேண்டாம். புகை அடித்தால் பறப்பதுதான் சாகும்.

கேள்வி (நாமக்கல்): தென்னை மரத்தில் கதண்டுக் (பெரிய குளவி) கூடு, வாசலுக்கு நேரே.

பதில்: தீப்பந்தம், ஸ்பிரே எதுவும் கையில் எடுக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்களே வந்து அழிப்பார்கள்.

கேள்வி (தாம்பரம்): எல்லாக் கம்பெனியும் "ஹெர்பல், வாசனையே வராது" என்கிறார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வாசனைக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. கேட்க வேண்டியவை வேறு. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா, எந்த மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். இவை நான்கும் பில்லில் எழுத்தில் வேண்டும். மருந்து டப்பாவில் ஒரு வண்ணக் குறி இருக்கும்: சிவப்பு மிகக் கடும் நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலமும் பச்சையும் அதற்குக் கீழே. வீட்டுக்குள் நீலம், பச்சை மட்டும். லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டிலில் மருந்தை ஊற்றிக் கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

வாரன்டி எதற்கு என்பதையும் கேளுங்கள். கரையானுக்கு வருடக் கணக்கில் கொடுப்பது நியாயம், ஆனால் "திரும்ப வந்தால் இலவசமாகத் துளையிட்டுச் செய்வோம்" என்று இருக்க வேண்டும். "வந்து பார்ப்போம்" என்று மட்டும் இருந்தால் அது வாரன்டி இல்லை. கரப்பானுக்கு வருட ஒப்பந்தம் தனி வீட்டுக்குத் தேவையில்லை. ஜெல் சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.