மேசை வாளில் அறுத்த பலகை விளிம்பை, சீவுளி போடாமல் அப்படியே ஒட்டலாமா?

ஒட்டலாம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அப்படி ஒட்டியதுதான். அதற்கு முன் வேப்பம் பலகை நாலைக் கருக்கிக் கெடுத்தேன் என்பது வேறு கதை.

பல் கூடினால் வழுவழுப்பும் கூடும் என்று நினைத்து 60 பல் பிளேட் வாங்கிப் போட்டேன். விளிம்பு கரியாக வந்தது. கொக்குவிலில் பட்டறை வைத்திருக்கும் ஓடாவியார் வந்து பார்த்தார். "பிளேட்டை விடும் தம்பி, பென்ஸ் நேரா நிக்குதோ எண்டு முதல்லை பாரும்." பென்ஸ் (fence) என்றால், பலகையை அணைத்துத் தள்ள மேசைமேல் நிற்கும் நேர்த் தடுப்பு.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பல்லில் பென்சிலால் புள்ளி வைத்தார். மேசையில் பிளேட்டுக்குப் பக்கத்தில் நேராக ஓடும் பள்ளத்திலிருந்து அந்தப் பல் எவ்வளவு தூரம் என்று முன்பக்கம் அளந்தார். பிளேட்டைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்தார். இரண்டும் ஒன்று, பிளேட் நேர்தான். அப்புறம் அதே பள்ளத்திலிருந்து பென்ஸை அளந்தால், பின்முனை ஒரு மில்லிமீற்றர் பிளேட் பக்கம் சாய்ந்திருக்கிறது! பென்ஸுக்கும் பின்பற்களுக்கும் நடுவே நெரிபடும் பலகை கருகாமல் என்ன செய்யும்? சிலவேளை ஆளை நோக்கி எகிறியும் வரும். அதைத் தடுக்கத்தான் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கிறது, அதைக் கழற்றி வைக்காதீர்கள்.

பிளேட்டும் பிழைதான். நார்ப்போக்கில் அறுக்க, 10 அங்குல பிளேட்டுக்கு 24 முதல் 30 பல் போதும். 60 பல் குறுக்கே வெட்டத்தான்.

பென்ஸில் அணையும் விளிம்பு வளைந்திருந்தால் மறுபக்கமும் வளைந்துதான் வரும். நேரான பிளைவூட் துண்டில் பலகையை இறுக்கி, பிளைவூட்டைப் பென்ஸில் ஓடவிட்டு முதல் விளிம்பை எடுங்கள்.

தள்ளும்போது நடுவில் நிற்காதீர்கள். நின்ற இடத்தில் கோடு விழும், முதிரை போன்ற இறுகின மரத்தில் கறுப்பாகவே விழும். கருகிய இடம் பசையைக் குடிக்காது. நான் 2 மில்லிமீற்றர் கூட்டி அறுத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை ஒரே சீராக ஓடவிடுவேன்.

பிளேட் 90 பாகையில் மயிரளவு தவறியிருக்கலாம். சேரப்போகும் இரண்டு விளிம்புகளில் ஒன்றைப் பலகையின் முகம் மேலே இருக்கவும், மற்றதை முகம் கீழே இருக்கவும் அறுங்கள். ஒன்றின் சாய்வை மற்றது சரிக்கட்டும்.

இரண்டையும் பசையில்லாமல் சேர்த்து யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் கசியாவிட்டால் அன்றே ஒட்டுங்கள். நான் ஒரு மார்கழி மழையில் அறுத்ததை ஒரு கிழமை சாத்தி வைத்துவிட்டு, விழுந்த இடைவெளியைக் கிளாம்பால் இறுக்கி மூடினேன். வைகாசி வெயிலில் அந்தப் பொருத்து விட்டுப்போனது.