தோட்டத்தை அடமானம் வைத்து ஆன்லைன் முதுகலை படிக்கலாமா?

கேள்வி: தனியார் பள்ளியில் கணினி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். கணவர் ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் பார்க்கிறார். கல்வித் தொழில்நுட்பமும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சரும் (ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்புகளை ஒட்டுமொத்தமாகத் திட்டமிடும் துறை) சேர்ந்த வெளிநாட்டு ஆன்லைன் முதுகலையில் சேர ஆசை. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், மொத்தம் 12 லட்சம். வங்கிக் கடன் வாங்கலாமா, நகையை வைக்கலாமா? தோட்டத்தை அடமானம் வைக்க மாமனார் சம்மதிக்கிறார்.
- வாசகி, கோத்தகிரி

பதில்: படிக்க நினைக்கும் துறை நல்ல துறை. ஆனால் இந்தக் கடன் உங்கள் வருமானம் தாங்கக்கூடியது அல்ல. இப்போது வாங்காதீர்கள்.

வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டருக்கு 3 லட்சமாக வங்கி விடுவிக்கும். படிக்கும் இரண்டு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை இல்லை என்றாலும், தனிவட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூன்று வருட முடிவில் அது 2.97 லட்சம். அதையும் அசலோடு சேர்த்து 14.97 லட்சத்துக்குத் தவணை போடுவார்கள். 10 வருடத்துக்கு மாதம் சுமார் 20,600 ரூபாய். இடையில் வட்டியைக் கட்டிவந்தால் தவணை 16,500 ஆகக் குறையும். ஆனால் கடைசி செமஸ்டர் பணம் போன பிறகு வட்டி மட்டுமே மாதம் 11,000. 34,000 சம்பளத்தில் இரண்டுமே கழுத்தை நெரிக்கும். தோட்ட வருமானத்தை நம்பித் தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும், பச்சைத் தேயிலை விலையும் நிலையாக இருப்பதில்லை.

இதெல்லாம் வங்கி இதைக் கல்விக் கடனாக ஏற்றால்தான். வெளிநாட்டு ஆன்லைன் படிப்புக்குப் பல வங்கிகள் கல்விக் கடன் தருவதில்லை, தனிநபர் கடனாகத்தான் தருகின்றன. அதற்கு அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும், வட்டியும் அதிகம். எந்தத் திட்டத்தின் கீழ் கடன் என்பதை வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். தேயிலைத் தோட்டம் விவசாய நிலம் என்றால், கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டப்படி வங்கி அதை நேரடியாக ஏலம் விட முடியாது. அதனால் தோட்டத்தை விட்டுவிட்டு வீட்டைக் கேட்பார்கள். தோட்டம் கூட்டுப் பட்டாவில் இருந்தால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மாமனார் சம்மதம் மட்டும் போதாது. நகைக் கடனும் பொருந்தாது. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக் கடனை 12 மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். உங்கள் படிப்போ 24 மாதம்.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் முழுக் கழிவு உண்டு என்று சொல்லியிருப்பார்கள். அது பழைய வரிமுறையில் மட்டும்தான். உங்கள் ஆண்டுச் சம்பளம் 4.08 லட்சம், இப்போதே வரி இல்லை, எனவே மிச்சமாகப் போவதும் இல்லை. முதல் முறை வட்டி கட்டும் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குத்தான் அந்தச் சலுகை. படிக்கும்போதே வட்டி கட்டினால், சம்பளம் உயர்வதற்குள் பாதி ஆண்டுகள் கரைந்துவிடும்.

வேலைவாய்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் பதவிக்கு நிறுவனங்கள் முதலில் பார்ப்பது பல வருட ஐடி அனுபவத்தை. பட்டம் அதற்கு ஈடாகாது. ஆசிரியைக்கு அருகில் இருக்கும் கதவு கல்வித் தொழில்நுட்பம்தான்: பாடத்திட்ட வடிவமைப்பு, மூடுல் போன்ற ஆன்லைன் பாடத் தளங்களின் நிர்வாகம். இரண்டு துறையும் சந்திக்கும் இடமும் உண்டு. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த தேசிய டிஜிட்டல் கல்விக் கட்டமைப்பு, அதாவது என்டியர், அப்படிப்பட்டதுதான். உங்கள் பள்ளியில் எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவு, கட்டணம், மதிப்பெண் மூன்றும் தனித்தனியாகக் கிடந்தால், அவற்றை இணைக்கும் திட்டம் ஒன்றை எழுதிப் பழகுங்கள். நேர்காணலில் எடுத்துக் காட்ட அது உதவும்.

முதலில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் தொழில்நுட்ப முதுநிலை டிப்ளமோவில் சேருங்கள். குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் மூன்று. வேலையை விட வேண்டாம். கூடவே மாதம் 5,000 ரூபாய் ரெக்கரிங் டெபாசிட் போடுங்கள். 18 மாதத்தில் அசல் மட்டும் 90,000 சேரும். அதை வைத்து என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சருக்கான சான்றிதழ் தேர்வான டோகாஃப் எழுதலாம். முதல் பகுதி 40 கேள்வி, ஒரு மணி நேரம். இரண்டாம் பகுதி 8 சூழல் கேள்வி, 90 நிமிடம். இரண்டிலும் 60 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. பாடநூலான டோகாஃப் தரநிலையை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், எனவே பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் கட்டும் முன் அதைப் படித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் வெளிநாட்டுப் பட்டம் வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆன்லைன் பட்டத்துக்கு இங்கே இணைச்சான்று (இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். அரசுப் பணியோ கல்லூரிப் பணியோ நோக்கமானால் அந்தச் சான்று இல்லாமல் பட்டம் பயன்படாது. டோகாஃப் தேர்வை மழைக்காலத்தில் வீட்டிலிருந்து எழுத வேண்டாம். கரண்ட் போனால் தேர்வு பாதியில் நின்றுவிடும். கோவையில் தேர்வு மையத்துக்கே போய் எழுதுங்கள்.