ஸ்பிரிண்ட் டெமோவும் ரெட்ரோவும்: மாணவர் அணிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்க்ரம் என்பது மென்பொருள் வேலையைச் சிறு சிறு காலத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் முறை, அந்தத் துண்டுதான் ஸ்பிரிண்ட். மாணவர் ஸ்க்ரம் அணிகளில் ஸ்பிரிண்ட் முடியும் நாளன்று நடக்கும் இரண்டு கூட்டங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. டெமோவில் (ஸ்க்ரம் வழிகாட்டியில் இதன் பெயர் ரிவ்யூ) கட்டியதைக் காட்டுகிறோம், ரெட்ரோவில் (ரெட்ரோஸ்பெக்டிவ்) கட்டிய விதத்தைப் பேசுகிறோம். டெமோ முடிந்தபின் பேக்லாக், அதாவது இனிச் செய்ய வேண்டியவற்றின் பட்டியல், கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டும். ரெட்ரோ முடிந்தபின் அடுத்த ஸ்பிரிண்ட் போர்டில் ஒரு புதுக் கார்டு ஏறியிருக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்தே சொல்லப்படுகின்றன.

கேள்வி: எங்களுக்கு இரண்டு வார ஸ்பிரிண்ட், 6 பேர். ஸ்க்ரம் வழிகாட்டியில் ரிவ்யூவுக்கு 4 மணி நேரம், ரெட்ரோவுக்கு 3 மணி நேரம் என்று இருக்கிறது. அவ்வளவு நேரம் எங்கே போவது?

அந்த 4 மணியும் 3 மணியும் ஒரு மாத ஸ்பிரிண்டுக்கான உச்சவரம்பு. அதைத் தாண்டக் கூடாது என்றுதான் பொருள், அவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்றில்லை. நீங்கள் வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்கினால் ஆளுக்கு ஒரு ஸ்பிரிண்டில் 20 மணி. முழுநேர வேலையில் ஒரு மாதம் என்பது சுமார் 160 மணி, அதில் எட்டில் ஒரு பங்குதான் உங்களுடையது. அந்தக் கணக்கில் டெமோவுக்கு 30 நிமிடம் வரும், அது போதும். ரெட்ரோவுக்கு 22 நிமிடம் வரும். அங்கே மட்டும் கணக்கை விட்டுவிட்டு 45 நிமிடம் வையுங்கள். வேலை குறைவு என்பதற்காக 6 பேர் எழுதிப் படித்துப் பேசும் நேரம் குறைந்துவிடாது.

டெமோ, 10 நிமிட இடைவெளி, உடனே ரெட்ரோ. ரெட்ரோவை அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் நடந்தது பாதி மறந்துபோயிருக்கும், புது ஸ்பிரிண்டும் பழைய பழக்கத்திலேயே ஓட ஆரம்பித்திருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு டெமோவிலும் ஏதாவது ஒன்று காலை வாருகிறது. வீட்டில் ஓடியது அங்கே ஓடுவதில்லை. எப்படித் தயாராவது?

பெரும்பாலும் ஒரே காரணம்தான்: முந்தைய இரவு 11 மணிக்கு நடக்கும் மெர்ஜ், அதாவது அவரவர் எழுதியதை மெயின் பிராஞ்ச் என்ற பொதுப் பிரதியில் சேர்ப்பது. டெமோவுக்கு 24 மணி நேரம் முன்பே மெயின் பிராஞ்சைப் பூட்டிவிடுங்கள். அந்தக் கமிட்டுக்கு ஒரு டேக் போட்டு, டெமோ நடக்கும் கணினியிலோ சர்வரிலோ அதை டெப்ளாய் செய்யுங்கள். அதற்குள் மெர்ஜ் ஆகாத ஸ்டோரி (பயனருக்குப் பயன்படும் ஒரு சிறு வேலை) அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகட்டும். இந்த ஒரு விதியே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

மீதியில் அடிக்கடி வருபவை: டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் புதுக் கணினியில் ஓட்டப்படாமல் இருப்பது. சாவிகளும் முகவரிகளும் உள்ள என்விரான்மென்ட் ஃபைல் ரெப்போவில் (அணியின் நிரல் வைக்கும் இடம்) இருக்காது என்பதால், அது இல்லாமல் செயலி எழும்பாமல் போவது. எழுதியவரின் பிரவுசரில் பழைய லாகின் இருப்பதால் மட்டும் எல்லாம் வேலை செய்வது. இந்த மூன்றாவது பலரின் கண்ணில் படாது. ஒத்திகையை எப்போதும் இன்காக்னிட்டோ விண்டோவில், லாகினிலிருந்து தொடங்குங்கள். இலவச ஹோஸ்டிங்கில் வைத்திருந்தால், சும்மா இருக்கும் சர்வர் தூங்கிப்போய் முதல் கோரிக்கைக்கு வெகுநேரம் எடுக்கலாம், டெமோவுக்கு 10 நிமிடம் முன்பு ஒருமுறை திறந்து எழுப்பிவிடுங்கள்.

மாதிரித் தரவையும் கவனியுங்கள். பட்டியல் முழுக்க ‘டெஸ்ட்1’, ‘டெஸ்ட்2’ என்று இருந்தால் பார்ப்பவரின் மனம் செயலிக்குள் போகாது. நிஜம் போன்ற 15, 20 பதிவுகளை ஒரு ஸ்கிரிப்டில் வைத்து, ஒத்திகைக்கும் டெமோவுக்கும் முன் புதிதாக ஏற்றுங்கள். பிரவுசர் எழுத்தை 150 சதவீதம் ஆக்குங்கள். எல்லாம் கைவிட்டால் காட்ட 2 நிமிட ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஒன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: 30 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? நாங்கள் ஆளுக்கு 5 நிமிடம் என்று பேசுகிறோம்.

ஆள்வாரியாகப் பிரித்தால் பார்ப்பவருக்கு 6 துண்டுகள்தான் கிடைக்கும், செயலி கிடைக்காது. பயனரின் பாதையைப் பின்பற்றுங்கள். நூலக முன்பதிவுச் செயலி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாசகர் உள்ளே வருகிறார், ஒரு நூலைத் தேடுகிறார், அது வெளியே போயிருக்கிறது, முன்பதிவு செய்கிறார். பிறகு நூலகராக லாகின் செய்து அந்த முன்பதிவைப் பார்க்கிறோம். நான்கு ஸ்டோரிகள் இதிலேயே வந்துவிட்டன.

முதல் 2 நிமிடம் ஸ்பிரிண்ட் இலக்கு, எடுத்தது எத்தனை, முடித்தது எத்தனை. அடுத்து 10 முதல் 12 நிமிடம் இயங்கும் மென்பொருள், ஸ்லைடு வேண்டாம். ஒருவர் விசைப்பலகையில், இன்னொருவர் பேச்சில். இருவேலையையும் ஒரே ஆள் செய்தால் இரண்டும் தடுமாறும். மீதி 15 நிமிடமும் வந்தவர்களுக்கு. ரிவ்யூ என்பது சேர்ந்து வேலை செய்யும் அமர்வு, வெறும் பிரசன்டேஷனாகச் சுருங்கிவிடக் கூடாது என்று 2020 வழிகாட்டியே சொல்கிறது. முடிந்தால் விசைப்பலகையையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எங்கே தயங்குகிறார்கள், எந்த பட்டனைத் தேடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லாதீர்கள்.

‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். ‘நாளைக்கே இதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் எது தடுக்கும்?’ என்று கேளுங்கள். ஒருவர் குறிப்பெடுக்கட்டும், அவர்கள் சொன்ன சொற்களிலேயே. அன்றைக்கே அவை பேக்லாக்கில் ஏற வேண்டும்.

கேள்வி: ஆனால் எல்லாரும் பேசினால்தான் மதிப்பெண் என்கிறார்களே?

அப்படியானால் ஒவ்வொருவரும் வேறொருவர் எழுதிய ஸ்டோரியைக் காட்டட்டும். பாதை அறுபடாமல் கைமாறும். தான் எழுதாத பகுதியை விளக்க வேண்டும் என்பதால் அந்த வாரமே அதன் நிரலை (code) வாங்கிப் படிப்பார்கள். பேச்சு மதிப்பெண்ணும் வரும், நிரல் ஒருவர் தலையில் மட்டும் தங்காமலும் இருக்கும்.

கேள்வி: 90 சதவீதம் முடிந்ததைக் காட்டலாமா? காட்டாவிட்டால் எங்களிடம் காட்டவே ஒன்றும் இல்லை.

காட்டக் கூடாது. டெஃபினிஷன் ஆஃப் டன்னை (‘முடிந்தது’ என்று சொல்ல அணி வைத்திருக்கும் அளவுகோல்) எட்டாத வேலையை ரிவ்யூவில் முன்வைக்கவே கூடாது என்று வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது, அது பேக்லாக்குக்குத் திரும்ப வேண்டும். ‘இது முடியவில்லை, இன்ன காரணம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டியதில்லை.

காட்ட ஒன்றுமே இல்லை என்பது ஸ்டோரியை வெட்டிய விதத்தின் கோளாறு. முதல் ஸ்பிரிண்டில் டேட்டாபேஸ் முழுவதும், இரண்டாவதில் ஏபிஐ (திரையையும் டேட்டாபேஸையும் இணைக்கும் பகுதி) முழுவதும், மூன்றாவதில் யூஐ (பயனர் பார்க்கும் திரை) என்று அடுக்கடுக்காக வெட்டியிருப்பீர்கள். அப்படி வெட்டினால் மூன்றாவது ஸ்பிரிண்ட் வரை பயனர் தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது, அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதும் அப்போதுதான் தெரியும். மேலிருந்து கீழ்வரை மெல்லியதாக வெட்டுங்கள்: ஒரு பக்கம், ஒரு பட்டன், அதற்கு ஒரு ஏபிஐ, ஒரு டேபிள். வடிகட்டல், பக்கம் பிரித்தல், அலங்காரம் எல்லாம் பிறகு வரட்டும்.

கேள்வி: எங்கள் கிளையன்ட் டெமோவுக்கு வருவதே இல்லை.

தேதிகளை ஸ்பிரிண்ட் 1 தொடங்கும்போதே மொத்தமாகக் குறித்து வாங்குங்கள். அப்படியும் வரவில்லையென்றால், அந்த வேலையை நிஜமாகச் செய்யும் வெளியாள் ஒருவரை உட்கார வையுங்கள். அதுவும் இல்லையென்றால் பக்கத்து அணியோடு மாற்றிக்கொள்ளுங்கள், அவர்கள் உங்களுடையதைப் பார்க்க, நீங்கள் அவர்களுடையதைப் பார்க்க. ரெக்கார்டிங்கை அனுப்பிவைப்பது கடைசி வழி. அதற்கும் ‘இந்த 2 கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்’ என்று சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை. ‘எல்லாம் ஓகே’ என்று 5 நிமிடத்தில் முடிகிறது.

‘எப்படிப் போச்சு?’ என்று பொதுவாகக் கேட்டால் அப்படித்தான் முடியும். வாயைத் திறக்கும் முன் கையை எழுத வையுங்கள்.

முதல் 5 நிமிடம் போன ரெட்ரோவில் எடுத்த முடிவு: செய்தோமா, பலன் தந்ததா? அடுத்த 5 நிமிடம் தரவு. புல் ரிக்வெஸ்ட் (மெர்ஜ் செய்யக் கேட்கும் கோரிக்கை) திறந்த தேதி, மெர்ஜ் ஆன தேதி, எடுத்த ஸ்டோரி, முடித்த ஸ்டோரி ஆகியவற்றைத் திரையில் போடுங்கள். கமிட்டெல்லாம் கடைசி 2 நாளில் குவிந்திருந்தால் அதை யாரும் மறுக்க முடியாது, பேச்சு தானாக வரும். பிறகு 7 நிமிடம் எல்லாரும் மௌனமாக எழுத வேண்டும், ஒரு கார்டுக்கு ஒரு விஷயம், ஆளுக்குக் குறைந்தது 3. ஒரேமாதிரியானவற்றைச் சேர்த்து வைத்து ஆளுக்கு 3 ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய ஒன்றை மட்டும் 20 நிமிடம் பேசுங்கள், நேரம் மிஞ்சினால் இரண்டாவது. கடைசி 5 நிமிடம் முடிவை எழுத.

முதலில் பேசுபவர் யார் என்பதும் முக்கியம். நிரல் அதிகம் எழுதுபவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். அவர் கடைசியில் பேசட்டும்.

கேள்வி: எழுதுகிறோம். ஆனால் எல்லா முறையும் ‘கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்’ என்றே வருகிறது.

அந்தக் கார்டைக் கையில் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாள்? எந்த வேலை நின்றது? யாருக்கு எது தெரியாமல் இருந்தது? இப்படி ஒரு பதில் வரலாம்: ‘புதன்கிழமை ஏபிஐயில் ஒரு ஃபீல்டின் பெயர் மாறியது. ஃபிரன்ட்எண்ட் எழுதுபவருக்கு வெள்ளி இரவுதான் தெரிந்தது. இரண்டு நாள் வீண்.’ இப்போது பிரச்சினைக்கு உருவம் வந்துவிட்டது. முடிவு இப்படி இருக்கும்: ‘ஏபிஐ மாற்றம் எதுவானாலும் ரெப்போவில் உள்ள ஏபிஐ விவரக் கோப்பிலும் மாற்ற வேண்டும், ஃபிரன்ட்எண்ட் ஆள் ஒருவர் அப்ரூவ் செய்யாமல் மெர்ஜ் இல்லை. பொறுப்பு இன்னார். அடுத்த ஸ்பிரிண்ட் முழுக்கச் சோதனை.’

ஒரு ரெட்ரோவுக்கு ஒரு முடிவு போதும். ஏழெட்டு எழுதினால் ஒன்றும் நடக்காது. அதை மினிட்ஸில் புதைக்காமல் ஸ்பிரிண்ட் போர்டில் மற்ற ஸ்டோரிகளோடு கார்டாக வையுங்கள். ஸ்டாண்டப் என்ற சிறு தினக்கூட்டத்தில் தினமும் கண்ணில் படும்.

கேள்வி: ஒருவர் வேலையே செய்வதில்லை. ரெட்ரோவில் நேரடியாகக் கேட்டுவிடலாமா?

5 பேர் ஒருவரைச் சூழ்ந்து கேட்டால் அது விசாரணை. அதற்குப் பிறகு அந்த அணியில் யாரும் தன் தவறைத் தானாகச் சொல்ல மாட்டார்கள். ரெட்ரோ பற்றி நூல் எழுதிய நார்ம் கெர்த் 2001இல் முன்வைத்த அடிப்படை விதி இதற்காகத்தான்: அன்று தெரிந்தது, இருந்த திறன், கிடைத்த வசதி, நிலைமை இவற்றை வைத்து ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைச் செய்தார்கள் என்று நம்பித் தொடங்குங்கள். வேலை செய்யாததை இது மன்னிக்கச் சொல்லவில்லை, காரணத்தைத் தேடச் சொல்கிறது.

முதலில் உங்களில் ஒருவர் அவரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். தெரியாததால் தேங்கினாரா? ஜோடியாக உட்கார்ந்து எழுதுங்கள். நேரமில்லையா? ஒரே நாளில் முடியும் சிறு வேலைகளாகக் கொடுங்கள். பதிலே இல்லையென்றால் இரண்டாவது ஸ்பிரிண்ட் முடிவதற்குள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ரெட்ரோவில் கேட்க வேண்டியது வேறு: ஒரு கார்டு 8 நாள் நகராமல் கிடந்ததை நாம் 6 பேரும் ஏன் கவனிக்கவில்லை?

கேள்வி (பாடம் நடத்தும் ஆசிரியர்): நான் ரெட்ரோவில் உட்காரலாமா? மதிப்பிட வேண்டியிருக்கிறதே.

மதிப்பெண் போடுபவர் உட்கார்ந்திருந்தால் மாணவர்கள் உங்களுக்காகவே பேசுவார்கள். அவர்கள் அழைத்தால் முதல் ரெட்ரோவை நடத்திக் காட்டுங்கள், அதன்பின் வெளியே இருங்கள். மதிப்பிட ஒரு பக்கம் போதும்: கண்ட பிரச்சினை, செய்து பார்த்த மாற்றம், அடுத்த ஸ்பிரிண்டில் தெரிந்த விளைவு. மாற்றம் பலிக்கவில்லை என்று சான்றோடு எழுதிய அணிக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள், இல்லையென்றால் வெற்றிக் கதைகளாகவே வந்து சேரும். டெமோவிலும் அப்படியே. முடியாததை முடியவில்லை என்று சொல்லும் அணிக்கு அதற்காகக் குறைக்காதீர்கள்.

கேள்வி: அணிகளின் வெலாசிட்டியை (ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயின்ட்) ஒப்பிட்டு ரேங்க் போடலாமா?

கூடாது. பாயின்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று அணி தானே போடும் மதிப்பீடு, ஓர் அணியின் 5 பாயின்ட் இன்னோர் அணியின் 13. ரேங்க் போட்ட மறுவாரமே எல்லாருடைய பாயின்ட்டும் ஏறிவிடும்.

கேள்வி: ஸ்க்ரம் மாஸ்டரை (அணி ஸ்க்ரம் முறைப்படி நடக்க உதவுபவர்) ஒவ்வொரு ஸ்பிரிண்டுக்கும் மாற்றுகிறோம், சரியா?

இரண்டு ஸ்பிரிண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு ரெட்ரோவில் எடுத்த முடிவு பலித்ததா என்று அடுத்த ரெட்ரோவில் கேட்க அதே ஆள் இருக்க வேண்டும். ரெட்ரோவை நடத்துபவர் மட்டும் முறைவைத்து மாறலாம், நடத்துபவர் அன்று தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: கடைசி ஸ்பிரிண்டுக்கு ரெட்ரோ தேவையா? அதற்குப்பின் அணியே இருக்காது.

தேவை, ஆனால் வேறு வடிவத்தில். போர்டில் ஏற்ற இனி கார்டு இல்லை. அதனால் எல்லா ஸ்பிரிண்டுகளின் முடிவுகளையும் வரிசையாக ஒட்டி, எது நிலைத்தது, எது இரண்டே வாரத்தில் மறைந்தது என்று பிரியுங்கள். பிறகு ஒவ்வொருவரும் மௌனமாக ஒரு வரி எழுதட்டும்: அடுத்த அணியில் முதல் நாளே நான் கேட்கப்போவது எது? அதை அவரவர் எடுத்துக்கொண்டு போகட்டும்.