கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநர் வேலை ஆயுளுக்கும் சோறு போடுமா?

எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதி முடித்த உங்கள் மகன் அமெரிக்காவுக்குச் சென்று கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநராக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதாகவும், அது ஆயுளுக்கும் சோறு போடும் தொழில்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லூரிப் பயிற்றுநர் அல்லன். சுங்கை சிப்புட் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்தவாறே 19 ஆண்டுகள் கூடைப்பந்துக் குழுவையும் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். எனினும் அந்நாட்டுப் பயிற்றுநர்களின் வாழ்க்கையை விடாமல் படித்து வருகிறேன். அவர்களுள் பேர் வாங்கியவர்கள், பேர் வாங்குவதற்கு முன் கழித்த ஆண்டுகளை முதலில் கணக்கெடுங்கள் என்பதே என் பதில்.

1910-இல் இந்தியானாவில் பிறந்த ஜான் வூடன், உயர்நிலைப் பள்ளிகளில் பதினோரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பயிற்சியளித்தவர். 1948-இல் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்றுநராகச் சென்றபோது, மூன்றாம் மாடியில் இருந்த பழைய கூடத்தைச் சீருடற்பயிற்சியாளர்களோடும் மற்போர் வீரர்களோடும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. பயிற்சிக்கு முன் அவரே துடைப்பம் பிடித்துத் தரையைச் சுத்தம் செய்வார். முதல் தேசியச் சாம்பியன் பட்டம் 1964-இல், அங்கே அவருடைய 16-ஆவது ஆட்டப் பருவத்தில்தான் கிடைத்தது. அதுமுதல் 1975 வரையிலான 12 பருவங்களில் 10 பட்டங்கள், அவற்றுள் ஏழு தொடர்ச்சியாக. உலகம் நினைவில் வைத்திருப்பது இந்தப் பன்னிரண்டைத்தான்.

பருவத்தின் முதல் நாளில் பந்துக்கு முன் அவர் எடுப்பது காலுறையைத்தான். காலுறை அணியக் கற்றுக்கொடுப்பார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் ஒரு சுருக்கம்கூட இருக்கலாகாது. சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் வந்தவன் பயிற்சியைத் தவறவிடுவான். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் கூடைப்பந்து என்றால் சீனப்பள்ளியும் சீனர்கள் வாழும் புதுக்கிராமமும்தான் நினைவுக்கு வரும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பந்து என்றாலே கால்பந்து. அப்படியிருந்தும் செம்பனைத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்து என் குழுவில் சேர்ந்த ஒரு பையன், "கால் வலிக்குது சார்" என்று சொன்ன போதெல்லாம், சாக்குச் சொல்கிறான் என்று திட்டியிருக்கிறேன். வூடனைப் படித்த மறுவாரம் எல்லாரையும் தளத்தோரம் உட்கார வைத்துக் காலணிகளைக் கழற்றச் சொன்னேன். அவன் தயங்கித் தயங்கித்தான் கழற்றினான். காலுறையில் இருந்த ஓட்டையை யாரும் பார்க்கக்கூடாதென்று பாதத்தின் அடியில் மடித்துவிட்டிருந்தான். அந்த மடிப்பு அழுத்திய இடத்தில் தோல் உரிந்திருந்தது.

டியூக் பல்கலைக்கழகத்துப் பயிற்றுநர் மைக் ஷெஷெஃப்ஸ்கியின் கதையும் இதே ரகம் (அவருடைய பெயரின் எழுத்துக்கூட்டு அமெரிக்கர்களுக்கே வாயில் நுழையாததால் 'கோச் கே' என்றே அழைத்தார்கள்). 1980-இல் பொறுப்பேற்ற அவருடைய குழு முதல் மூன்று பருவங்களில் 38 ஆட்டங்களில் வென்று 47-இல் தோற்றது. அவரை நீக்கச் சொல்லி எழுந்த கூச்சலுக்கு நிர்வாகம் செவிசாய்க்காததால்தான் 1991-இல் முதல் பட்டமும் பிறகு இன்னும் நான்கும் கிடைத்தன. 1974-இல் தம் 22-ஆவது வயதில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் குழுவை ஏற்ற பாட் சமிட்டுக்கு மாதம் 250 டாலர்தான் சம்பளம். சீருடைகளைத் துவைத்ததும், வேனை ஓட்டியதும் அவரே. 38 பருவங்கள் கழித்து ஓய்வு பெறும்போது 1,098 வெற்றிகளும் எட்டுத் தேசியப் பட்டங்களும் அவர் பெயரில் இருந்தன.

சம்பளத்தைக் கேட்டால், இன்று பெரிய பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்றுநர்கள் கோடீஸ்வரர்கள் என்பது உண்மைதான். ஆனால் கல்லூரி விளையாட்டின் உச்சநிலையான முதல் பிரிவில் இருக்கும் ஆண்கள் குழுக்கள் 350-க்குச் சற்று மேல்; குழுவுக்கு ஒரு தலைமைப் பயிற்றுநர். மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் உதவியாளர்களாக ஊர் ஊராக அலைந்து, பதினேழு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசி ஆட்டக்காரர்களைச் சேர்க்க வேண்டும். தலைமைப் பயிற்றுநர் நீக்கப்பட்டால் பெரும்பாலும் அவர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆகவே உங்கள் மகனை உடனே விமானம் ஏற்றாதீர்கள். எஸ்.பி.கே.கே. எனப்படும் நம் நாட்டுப் பயிற்றுநர் சான்றிதழின் முதல் நிலையை முடிக்கச் சொல்லுங்கள். கூடவே அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டு சம்பளமில்லாமல் பயிற்சி கொடுக்கட்டும். மழை விட்ட மாலைகளில் தளத்தில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஆறு பேரே வந்தாலும் அந்த ஆறு பேருக்காக அவன் நிற்கிறானா என்று பாருங்கள். ஆண்டு முடிவிலும் நின்றுகொண்டிருந்தால் விமானச் சீட்டைப் பற்றிப் பேசலாம்.